நான்கு காலி இருக்கைகளும் பொதுப்பணமும்

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் அலுவலகத்தில் பார்க்கிங் ஸ்டிக்கர் மாற்றுவார்கள். சென்னை துரைப்பாக்கத்தில், ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது அலுவலகம். வண்டி எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் செக்யூரிட்டி அண்ணன் பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவார். போன முறை எனக்கு முன்னால் நின்ற சக ஊழியர், குரோம்பேட்டைக்காரர், ஸ்டிக்கரை வாங்காமல் எச்ஆர் மேடத்திடம் போய் ஒரு கேள்வி கேட்டார். "மேடம், எனக்கு இந்த இடம் வேண்டாம். பல்லாவரத்துல இருந்து ரேடியல் ரோடு வழியா பஸ் வருது, அதுலயே வந்துடறேன். இந்த இடத்துக்கு கம்பெனி கட்டற வாடகையில பாதிய எனக்கு பஸ் பாஸா கொடுப்பீங்களா?" மேடம் தட்டிக்கழிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். அப்புறம் சொன்னார்: "கேக்கறது நியாயந்தான் சார். ஆனா அதுக்கு ஹெட் இல்லையே. ஸ்டிக்கர்னா கொடுக்கலாம். பணமா கொடுக்க எந்த ஹெட்லயும் எழுத முடியாது."

ஹெட் என்றால் கணக்குத் தலைப்பு. செலவை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாவிட்டால் அந்தச் செலவே கிடையாது, நிறுவனத்திலும் சரி, அரசாங்கத்திலும் சரி. மேம்பாலத்துக்குத் தலைப்பு இருக்கிறது, மெட்ரோவுக்கு இருக்கிறது, பஸ் வாங்க இருக்கிறது, பல அடுக்கு வாகன நிறுத்தத்துக்கும் இருக்கிறது. தினமும் காலையில் ஐந்து பேர் உட்காரக்கூடிய காரில் தன்னந்தனியாகக் கிளம்பும் ஒருவரை அந்தக் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் செய்வதற்கென்று ஒரு தலைப்பு நம் ஊரில் இல்லை. அப்படி ஒரு செலவு ஏன் வேண்டும், மற்ற ஊர்களில் அதை எப்படிச் செய்கிறார்கள், இங்கே அந்தப் பணம் இப்போது எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சென்னை கார்களின் ஊர் அல்ல. 2008-ல் எடுக்கப்பட்ட விரிவான போக்குவரத்து ஆய்வின்படி இந்த நகரத்தில் நூறு பயணங்களில் 28 நடந்தே போனவை, 26 பஸ்ஸில், 25 இருசக்கர வாகனத்தில், கார் என்று பார்த்தால் வெறும் 6. அதன் பிறகு கார்கள் நிறையவே கூடியிருக்கின்றன, ரேடியல் ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தாலே தெரியும். ஆனாலும் இன்றைக்கும் பெரும்பான்மை ஜனங்கள் காரில் போகிறவர்கள் இல்லை. அப்படியானால் காரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? ஆட்களின் கணக்கில் சின்னதாக இருப்பது சாலைப் பரப்பின் கணக்கில் மிகப் பெரியதாக இருக்கிறது என்பதால்தான். ஒரு பஸ் அடைக்கும் இடத்தில் இரண்டு மூன்று கார் நிற்கும். பஸ்ஸில் அறுபது பேர், கார்களில் இரண்டு மூன்று பேர். அந்த அறுபது பேரும் முன்னால் நிற்கும் இரண்டு மூன்று பேருக்காகக் காத்திருக்கிறார்கள்.

எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். அவருக்கு டிக்கெட் கிடையாது, மகளிர் இலவசப் பயணம். சோழிங்கநல்லூர் சிக்னலில் அந்த பஸ் நிற்கும் நேரத்தை அவர் தன் கணக்கில் கழித்துக்கொண்டு, கால் மணி நேரம் முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புகிறார். அவருக்கு முன்னால் நிற்கும் கார்களில் எங்கள் அலுவலகக் கார்களும் உண்டு.

சரி, வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தனியாளாகக் காரில் வேலைக்குப் போவதைக் குறைப்பதற்கு ஒரு திட்டம், அதற்கு அரசுப் பணம் என்ற யோசனை வளர்ந்தது பெரும்பாலும் அமெரிக்காவில்தான், ஏனென்றால் அங்கேதான் நோய் முற்றியிருந்தது. கொரோனாவுக்கு முன்பு அமெரிக்காவில் வேலைக்குப் போகிறவர்களில் நான்கில் மூன்று பேர் தனியாகக் காரோட்டிப் போனவர்கள். வாஷிங்டன் மாநிலம் 1991-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓர் இடத்தில் 100 பேரோ அதற்கு மேலோ காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் வேலைக்கு வருகிறார்கள் என்றால், அந்த நிறுவனம் இதற்கென்று ஓர் ஆளைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும், ஊழியர்கள் எப்படி வருகிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும், தனிக் கார் வரவைக் குறைக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். பஸ் பாஸ் தரலாம், வேன் விடலாம், சேர்ந்து காரில் வருகிறவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கலாம், வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லலாம். எதைச் செய்வது என்பது நிறுவனத்தின் விருப்பம். மாநில அரசு உள்ளாட்சிகளுக்குப் பணம் கொடுக்கிறது, அந்தப் பணத்தில் உள்ளாட்சிகள் நிறுவனங்களுக்கு வழிகாட்டுகின்றன, கணக்கைச் சரிபார்க்கின்றன. கான்கிரீட் போடுவதற்கு அந்தப் பணத்தில் வேலையே இல்லை. ஆட்களின் சம்பளம், கணக்கெடுப்பு, பாஸ், விளம்பரம் என்று போய்விடும்.

சியாட்டில் நகர மையத்துக்குக் காலையில் வருகிறவர்களில் தனியாகக் காரோட்டி வந்தவர்கள் 2010-ல் சுமார் மூன்றில் ஒரு பங்கு, 2017-ல் நான்கில் ஒரு பங்கு. இதை அந்தச் சட்டம் மட்டும் சாதித்தது என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. அதே காலத்தில் அங்கே ரயில் பாதை நீண்டது, 2014-ல் கூடுதல் பஸ் விடுவதற்காக விற்பனை வரியையும் கார் பதிவுக் கட்டணத்தையும் உயர்த்தலாம் என்று மக்களே வாக்களித்தார்கள். பஸ்ஸும் வந்தது, பஸ்ஸில் ஏறச் சொல்லும் ஏற்பாடும் கூடவே இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது முழுசாக வேலை செய்திருக்காது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 1990-ல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் காற்று மிக மோசமாக இருந்த ஊர்களில் பெரிய நிறுவனங்கள் எல்லாம் இப்படி ஒரு திட்டம் வைத்தே ஆக வேண்டும் என்றது. படிவம் நிரப்பும் வேலைதான் மிச்சம் என்று நிறுவனங்கள் கொதித்தன. 1995 கடைசியில் அந்தக் கட்டாயத்தை விருப்பமாக மாற்றிவிட்டார்கள். கட்டாயத்தை மட்டும் தலையில் வைத்துப் பணத்தையும் ஆளையும் கொடுக்காவிட்டால் அது காகிதத்திலேயே முடிந்துபோகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எங்கள் குரோம்பேட்டைக்காரர் கேட்டாரே, அந்தக் கேள்விக்கு கலிபோர்னியாவில் ஒரு சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்தது. நிறுவனம் வாடகைக்குப் பார்க்கிங் எடுத்து ஊழியருக்குச் சும்மா கொடுக்கிறது என்றால், அந்த இடம் வேண்டாம் என்று சொல்லும் ஊழியருக்கு அதே மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர், பார்க்கிங்கைப் பற்றியே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், 2025-ல்தான் காலமானார், இந்தச் சட்டத்தைப் பின்பற்றிய எட்டு நிறுவனங்களைப் போய்ப் பார்த்தார். நூற்றுக்கு 76 பேர் தனியாகக் காரில் வந்துகொண்டிருந்த இடத்தில் அது 63 ஆகக் குறைந்திருந்தது. விட்ட 13 பேரில் 9 பேர் இன்னொருவரோடு சேர்ந்து காரில் வந்தார்கள், 3 பேர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போனார்கள், ஒருவர் நடந்தோ சைக்கிளிலோ வந்தார். நிறுவனங்களுக்கு ஆன கூடுதல் செலவு ஓர் ஊழியருக்கு மாதம் இரண்டு டாலர்தான். புதிய சாலை இல்லை, ரயில் இல்லை. ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்த பணத்தை, இதில் வேண்டுமா அதில் வேண்டுமா என்று ஊழியரைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, காரே வைத்திருக்காதவருக்கும் அந்தப் பணம் போகும் என்பது. நம் அலுவலகங்களில் பார்க்கிங் யாருக்குக் கிடைக்கிறது? பதவி பெரிதாக இருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் வேண்டும், அதாவது சுமார் 134 சதுர அடி, அதுவும் வண்டி திரும்பும் பாதையைச் சேர்க்காமல். அந்தக் காரில் வந்தவர் மேலே மூன்றாவது மாடியில் உட்காரும் மேசை நாற்காலிக்கு அதில் பாதி கூடக் கிடையாது. காருக்கு இடம் விட்டால்தான் கட்டடத்துக்கு அனுமதி என்று விதியே சொல்வதால் இதை நிறுவனத்தின் தாராளம் என்று மட்டும் சொல்ல முடியாது, அரசு விதித்த ஒரு செலவு இது. அந்தச் செலவு வாடகையில் கலந்து, எல்லோருடைய சம்பளத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தின்று, காரில் வருகிறவருக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து வரும் அக்காவுக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

வருமான வரியிலும் இப்படித்தான். நிறுவனம் கார் கொடுத்து, பெட்ரோலும் போட்டு, அதை ஊழியர் அலுவலக வேலைக்கும் சொந்த வேலைக்கும் வைத்துக்கொண்டால், பல ஆண்டுகளாக நடப்பிலிருந்த விதிப்படி 1.6 லிட்டர் வரையிலான எஞ்சின் உள்ள காருக்கு மாதம் 1,800 ரூபாய்தான் அவருக்குக் கிடைத்த சலுகை மதிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது, டிரைவரும் கொடுத்தால் இன்னொரு 900. அந்தக் காருக்கு மாதம் உண்மையில் எவ்வளவு ஆகும் என்பது கார் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். வித்தியாசம் முழுக்க வரியில்லாத வருமானம், அதாவது அரசு விட்டுக்கொடுத்த பணம். மறுபக்கம், மாதம் 1,600 ரூபாய் வரை போக்குவரத்துப் படிக்கு இருந்த வரிவிலக்கை 2018 பட்ஜெட்டில் எடுத்து, நிலையான கழிவு என்ற பொதுக் கணக்கில் கலந்துவிட்டார்கள். பஸ் பாஸ் எடுக்கிறவருக்கென்று தனியாக எதுவும் இல்லை. அமெரிக்காவிலும் பார்க்கிங்குக்கு வரிவிலக்கு உண்டு, அதை அங்கே நிறைய பேர் குறை சொல்கிறார்கள், ஆனால் அதே அளவு விலக்கு பஸ் ரயில் பாஸுக்கும் இருக்கிறது, 2025-ல் இரண்டுக்கும் மாதம் 325 டாலர் வரை.

நல்லதாக ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டியில் 13 இருக்கைக்கு மேற்பட்ட வண்டியை ஊழியர்களுக்காக ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்தால் அதற்குக் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது, சின்ன காருக்குப் பொதுவாக அது கிடையாது. கம்பெனி பஸ் விடுகிற நிறுவனத்துக்கு இது ஒரு கை கொடுக்கிறது. ஆனால் கம்பெனி பஸ் பெரிய நிறுவனத்தால்தான் முடியும். எங்கள் தெருவிலேயே சின்னதும் நடுத்தரமுமாக ஏழெட்டு அலுவலகங்கள் இருக்கின்றன, தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வருகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு, யாருக்கும் பஸ் இல்லை, ஏனென்றால் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வண்டி நிரம்பாது. இப்படிப்பட்ட தெருக்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு சங்கம் வைத்து, அதற்குத் தொடக்கப் பணமும் சம்பளத்துக்கு ஒரு ஆளும் அரசு கொடுப்பது வெளிநாட்டில் சகஜம். இங்கே அதைச் செய்யப் பெரிய தொகை எதுவும் வேண்டியதில்லை.

இனி சென்னையில் பெரிய பணம் எங்கே போகிறது என்று பார்க்கலாம். தி.நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது, 570 மீட்டர் நீளம், 28.45 கோடி ரூபாய். ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் நுழையாமல் ரயிலிலிருந்து இறங்கி பஸ்ஸுக்குப் போய்விடலாம். நடக்கிறவருக்காக இந்த ஊர் செலவழித்த நல்ல பணங்களில் அது ஒன்று என்பேன். தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சிஐடி நகர் வரைக்கும் 1.2 கிலோமீட்டர் இரும்பு மேம்பாலம் 2025 செப்டம்பரில் திறந்தார்கள், அதற்கு 164.92 கோடி. அதற்கு முன்பு அங்கேயே பல அடுக்கு வாகன நிறுத்தம் ஒன்று சுமார் 40 கோடியில் வந்தது, 200-க்கு மேல் கார்களும் 500-க்கு மேல் பைக்குகளும் நிற்கும். ஆக, 200 சொச்சம் காரும் கொஞ்சம் பைக்குகளும் நிற்பதற்கு ஆன செலவு, ஆயிரக்கணக்கான பேர் நடக்கும் பாதைக்கு ஆனதை விட அதிகம்.

அண்ணா சாலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை வழியாக மண்ணுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. அதே இடத்தில் மண்ணுக்கு மேலே தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை, மதிப்பீடு 621 கோடி, 2024 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மேம்பாலத்தில் பஸ்ஸும் போகும், ஆம்புலன்ஸும் போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் பஸ் ஸ்டாப்பிங் வைக்க முடியாத ஒரு பாலத்தால் அதிகம் பயனடைகிறவர் நிற்காமல் போகிறவர்தான், அதாவது சொந்த வண்டிக்காரர். கீழே ரயிலில் வா என்று ஒரு கை கூப்பிடுகிறது, மேலே காரிலேயே போ என்று இன்னொரு கை வழிவிடுகிறது. இரண்டு கையும் ஒரே அரசாங்கத்தின் கை, இரண்டிலும் இருப்பது நம் பணம்.

ஒப்பிட ஒரு கணக்கு. மாற்றுத்திறனாளிகள் உயர்நீதிமன்றம் வரை போய்ப் போராடியதன் பலனாக, ஜெர்மன் வளர்ச்சி வங்கிக் கடனில் தமிழ்நாடு வாங்கிய தாழ்தள பஸ்கள் 552-க்கு ஆன செலவு சுமார் 500 கோடி. 621 கோடியில் அதைப்போல அறுநூறுக்கு மேல் வாங்கலாம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பதே மூவாயிரத்துச் சொச்சம் பஸ்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

பிறகு ஏன் பஸ் வாங்காமல் பாலம் கட்டுகிறார்கள்? அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, காரணம் அது மட்டுமில்லை. பாலம் மூலதனச் செலவு. கடன் வாங்கலாம், ஒரு முறை கட்டினால் முடிந்தது, கல்வெட்டு வைக்கலாம். பஸ்ஸைப் பொறுத்தவரை வாங்குவதோடு கதை முடிவதில்லை, தொடங்குகிறது. டிரைவர், கண்டக்டர், டீசல், டயர், டிப்போ எல்லாமே வருவாய்ச் செலவு, ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் போராடி வாங்க வேண்டிய பணம், அதைக் கட்டணத்திலிருந்தோ மானியத்திலிருந்தோதான் எடுக்க வேண்டும். ஒருவரின் பயணப் பழக்கத்தை மாற்றும் திட்டமும் இந்த ரகம்தான். திறப்பு விழா நடத்த அதில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அதற்குத் தலைப்பு கிடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் தமிழ்நாட்டால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். முடியும் என்பதற்கு நம் கண்ணெதிரிலேயே ஓர் உதாரணம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021 மே மாதம் ஆட்சிக்கு வந்த அன்றே சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்று முதலமைச்சர் கையெழுத்திட்டார். முதலில் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு கட்டுவதாகச் சொன்னார்கள், 2025-26 பட்ஜெட்டில் அந்த ஒதுக்கீடு 3,600 கோடி. மாநிலத் திட்டக் குழு விசாரித்தபோது பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவது தெரிந்தது. இந்தத் திட்டம் காரைக் குறைக்க வந்ததில்லை, அந்த பஸ்ஸில் ஏறும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டில் காரே இருக்காது. நான் இங்கே பார்ப்பது அந்தத் திட்டம் நடக்கும் விதத்தை. பாலத்துக்குப் போடாமல் பயணத்துக்கு அரசு பணம் போடுகிறது, அதுவும் வருஷா வருஷம், வருவாய்க் கணக்கில். தலைப்பு இல்லாத இடத்தில் ஒரு தலைப்பை உருவாக்கினார்கள், இப்போது அது யாராலும் எளிதில் எடுக்க முடியாத தலைப்பாகிவிட்டது.

அதே 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று அரசே சொன்னது. அப்போது விலை ஏறியிருந்தது, பைக்கில் போகும் உழைப்பாளிகளுக்காகச் செய்தார்கள், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் பெண்களின் பஸ் பயணத்துக்கு அன்று ஒதுக்கிய தொகையும் பெட்ரோலில் விட்ட தொகையும் ஏறக்குறைய சமம் என்பதைக் கவனியுங்கள். முதலாவதுக்கு மானியம் என்று பெயர் வைத்து இன்றுவரை விவாதிக்கிறோம், இரண்டாவதை யாரும் மானியம் என்று சொல்வதே இல்லை.

கார் வைத்திருப்பவர்கள் சாலை வரி கட்டுகிறார்களே என்று உடனே பதில் வரும். கட்டுகிறார்கள், அதுவும் கொஞ்சத் தொகை இல்லை. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். ஆனால் அது ஆயுள் வரி. வாங்கும்போது ஒரே தடவை கட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் தினமும் காலையில் எட்டரை மணிக்கு "இன்றைக்குக் காரா பஸ்ஸா" என்று யோசிக்கும் நிமிஷத்தில் அந்த வரிக்கு எந்தப் பேச்சும் இல்லை. கட்டியதை ஈடு கட்ட வேண்டுமென்றால் இன்னும் ஓட்டத்தான் தோன்றும். ஓஎம்ஆரில் டோல்கேட் இருந்தபோதாவது ஒவ்வொரு தடவையும் கை பர்ஸுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் பெருங்குடி, துரைப்பாக்கம் உள்பட நான்கு இடத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள், மெட்ரோ வேலை நடப்பதால் எடுத்தது நியாயம்தான், குண்டும் குழியுமாக இருந்த சாலைக்கு யாரிடம் காசு கேட்பது.

இப்படி ஒரே தடவையோடு முடிந்துவிடாத கட்டணம் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நல்ல பாடம். 2012-லிருந்து அந்த நகராட்சி, 11 இடமோ அதற்கு மேலோ ஊழியர் பார்க்கிங் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் ஓர் இடத்துக்கு இவ்வளவு என்று ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது, தொடங்கியபோது 288 பவுண்டு. அதை ஊழியரிடம் வசூலிப்பதா, தானே ஏற்பதா என்பது நிறுவனத்தின் முடிவு. அந்தப் பணம் பொது கஜானாவில் கரையாமல் போக்குவரத்துக்கே போக வேண்டும் என்பது சட்டம். அதைக் கொண்டு டிராம் பாதையை நீட்டினார்கள், 2015-ல் அது ஓடத் தொடங்கியது. பாரீஸில் இன்னொரு வழி: 1971-லிருந்தே நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் மீது போக்குவரத்துக்கென்று ஒரு வரி, அதோடு ஊழியரின் மாத பாஸில் பாதியை முதலாளி கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் பிரான்சில் இருக்கிறது. ஊழியர்கள் நேரத்துக்கு வந்து சேர்வதால் நிறுவனத்துக்கு லாபம், ஆகவே அதற்கான செலவில் பங்கு கொடு என்பது அதன் தர்க்கம்.

இதையெல்லாம் சென்னையில் யார் செய்வது? அதற்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. கும்டா என்று சொல்லப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010-ல் வந்தது, முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். பன்னிரண்டு வருஷம் அப்படியே கிடந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். நல்ல ஆரம்பம். மாநகர பஸ்ஸில் ஏசி உள்பட எதில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ள மாதம் 2,000 ரூபாய் பாஸ், ஏசி இல்லாமல் 1,000 ரூபாய் பாஸ் என்று சரக்கும் கையில் இருக்கிறது. நிறுவனங்கள் இவற்றை மொத்தமாக வாங்கி ஊழியருக்குக் கொடுக்கவும், அந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கவும் ஒரு வழி செய்தால் போதும். பெண்களின் பயணத்தைக் கணக்கிட்டுக் கழகத்துக்குப் பணம் கொடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது பெரிய வித்தை இல்லை.

எங்கே தொடங்குவது என்பதிலும் குழப்பம் வேண்டாம், அரசாங்கமே இந்த ஊரின் பெரிய வீட்டுக்காரர். 2000-ல் திறந்த டைடல் பார்க் டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியது, பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிற்கிறது. சோழிங்கநல்லூரில் எல்காட் வளாகம், சிறுசேரியில் சிப்காட். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கோட்டை ரயில் நிலையம், எழிலகத்துக்குப் பக்கத்தில் சேப்பாக்கம், ரிப்பன் மாளிகை வாசலில் சென்ட்ரல் மெட்ரோ. இத்தனை இடத்திலும் உள்ளே நிற்கும் கார்களுக்கு ஒரு நியாயமான வாடகை வைத்து, அந்த வாடகையை அங்கேயே வேலை செய்கிற எல்லோருக்கும் பாஸாகப் பிரித்துக் கொடுக்க எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்று, போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று எழுதி வைத்தது. இந்தியாவில் வேறு நகரங்கள் யோசிப்பதற்கு முன்பே எழுதியது. 2019-ல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் வந்தது, அது நமக்குப் பெருமை. ஆனால் துரைப்பாக்கத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் அலுவலகம் வரை உள்ள அறுநூறு மீட்டரில் நடைபாதை என்று ஒரு கல் கூட இல்லை. மழை நாளில் தண்ணீர் லாரிகள் தெறிக்க வைக்கும் சேற்றிலிருந்து தப்பிக்க, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு காம்பவுண்டு சுவரோரமாக ஒட்டி ஒட்டித்தான் வர வேண்டும். காரில் வருகிறவரைப் பஸ்ஸில் வரச் சொல்வதற்கு முன்னால் இந்த அறுநூறு மீட்டரைத்தான் கேள்வி கேட்க வேண்டும். ஷேர் ஆட்டோ இருக்கிறதே என்பார்கள், இருக்கிறது, மெயின் ரோட்டோடு சரி.

சேர்ந்து காரில் வருவது இன்னொரு வழி, ஷூப் பார்த்த இடத்தில் அதுதான் அதிகம் பலன் தந்தது. இங்கே அதில் ஒரு சட்டச் சிக்கல். ஓன் போர்டு வண்டியில், அதாவது சொந்த உபயோகத்துக்கான வண்டியில், காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் இல்லாத வாடகை வண்டி ஆகிவிடும், டி போர்டு, அதாவது வாடகை வண்டி டிரைவர்களின் கோபத்திலும் நியாயம் உண்டு, அவர்கள் வரி, பெர்மிட், எஃப்சி எல்லாம் கட்டி ஓட்டுகிறவர்கள். 2020-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், மாநிலங்கள் தடுக்காவிட்டால் நகரத்துக்குள் ஒரு சொந்த வண்டிக்கு ஒரு நாளைக்கு நான்கு பகிர்வுப் பயணம் வரை செயலி மூலம் அனுமதிக்கலாம் என்றார்கள். போக ஒன்று, வர ஒன்று என்றால் அலுவலகம் போய்வர இது தாராளம். பெட்ரோல் செலவைப் பங்கு போடுவதும் வாடகைக்கு ஓட்டுவதும் வேறு வேறு என்று தமிழ்நாடு அரசு தெளிவாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தாலே எங்கள் தெருவில் பாதிப் பேர் தைரியமாக ஆள் சேர்ப்பார்கள்.

இதற்கெல்லாம் இப்போது என்ன அவசரம் என்றால், ஓஎம்ஆரில் தூண்கள் எழுந்துவிட்டன. மெட்ரோ இரண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய், 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் பாதை எங்கள் அலுவலகத்துக்குப் பக்கமாகத்தான் போகிறது. முதல் கட்டத்தில் மட்டும் 2024-ல் பத்தரைக் கோடிக்கும் மேல் பயணங்கள் நடந்திருக்கின்றன, ஜனங்கள் ஏறத் தயாராக இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ரயில் ஓட ஆரம்பிக்கும் முதல் சில மாதங்களில்தான் பழக்கம் மாறும், வீடு மாறும்போதும் வேலை மாறும்போதும் மாறுவது போல. அன்றைக்குப் பார்க்கிங் இலவசமாகவும் பாஸ் சொந்தக் காசிலும் இருந்தால் கார்க்காரர் ஒரு வாரம் வேடிக்கைக்கு ரயிலில் வந்துவிட்டுத் திரும்பக் காருக்கே போய்விடுவார். 63,246 கோடி போடுகிற இடத்தில், அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பேசவும், பாஸ் ஏற்பாடு செய்யவும், நடைபாதைக்குக் குரல் கொடுக்கவும், எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணவும் ஒரு சின்னக் குழுவுக்கு அதில் ஒரு துளியை ஒதுக்கினால் ரயிலுக்குப் போட்ட பணமும் வீணாகாது.

எங்கள் குரோம்பேட்டைக்காரர் கடைசியில் ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். 1,000 ரூபாய் பாஸை சொந்தக் காசில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில்தான் வருகிறார், மழைக்காலத்தில் பையில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாக இருக்கும். அவர் விட்ட இடம் ஒரு வாரம் காலியாகக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை காத்திருப்புப் பட்டியலில் முதலாவதாக இருந்தவருக்கு அதைக் கொடுத்தார்கள். அதுவரை வேளச்சேரியிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவர் அவர். இடம் கிடைத்ததும் கார் எடுத்துவிட்டார், தனியாகத்தான் வருகிறார்.